ஆறடி

அணை திறக்கும் நாட்களில் வைகையில் துடுப்புப் படகு ஓட்டுவது ஜவுளிக்கடை ஸ்ரீநாத்தின் பைத்தியம். நாலடித் தண்ணீர் போதும். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து. வாடிப்பட்டிப் பக்கத்துப் பாலத்தூணில் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து போனில் சொல்வான் காவல்காரன் சோலைமணி.

"இன்னைக்கு ஆறடி. வராதீகண்ணே."

அணையே திறக்காத வைகாசி மாதம். அந்தக் குடிகாரப் பயலை நேரில் நாலு கேள்வி கேட்கவென்றே ஸ்ரீநாத் மதுரையிலிருந்து வண்டியை விரட்டினான். ஆற்றில் மணலும் காய்ந்த நாணலும்தான் இருந்தன.

"இதாய்யா ஆறடி? எண்ணு பாக்க ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்!"

"தூண்ல ஆறு காட்டுதுண்ணே. எறங்காதீக."

ஸ்ரீநாத் காறித் துப்பிவிட்டு இறங்கினான். செருப்புக்குள் மணல் சுட்டது. தூணில் ஆறாம் எண் அவன் தலைக்கு அரையடி மேலே இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு, பாலத்திலிருந்து எட்டிப் பார்த்த சோலைமணியை நோக்கி வாய்விட்டுச் சிரித்தான்.

சத்தம் மேலே வரவில்லை. அவன் வாயிலிருந்து குமிழிகள் கிளம்பின. ஆறாம் எண்ணுக்கு நேராக வந்ததும் ஒவ்வொன்றாக உடைந்தன.