பிளந்த குழாய்க்குப் பிடித்தம்

சம்பள நாள். துப்பாக்கித் தொழிற்சாலையின் சம்பளச் சன்னலுக்கு வெளியே நாங்கள் வரிசையில் நிற்கிறோம். குளிரில் பேச்சோடு ஆவியும் வருகிறது. சரிவில் இருக்கும் சோதனைக் கொட்டகையில் புதுத் துப்பாக்கிக் குழாய்களுக்கு இரட்டைப் பங்கு வெடிமருந்து இட்டுச் சுட்டுப் பார்க்கிறார்கள்; ஒவ்வொரு வெடிக்கும் சன்னல் கண்ணாடி நடுங்குகிறது. பிளந்துபோகும் குழாய்க்கு அதை அடித்துப் பற்றவைத்த கொல்லன்தான் பணம் கட்ட வேண்டும். இங்கே அதுதான் சட்டம். உள்ளே சம்பள அதிகாரி ஹாஸ்கெல் பச்சைத் துணிமேல் வெள்ளி டாலர்களை அடுக்குகிறார். மலிவு இரும்பை வாங்கி அரசாங்கத்துக்குப் பணம் மிச்சம் பிடித்தவர் அவர். பின்சுவர் ஆணியில், பட்டாளத்துக்குப் போன மகன் விட்டுச் சென்ற தொப்பி தொங்குகிறது.

கொல்லன் ஓபேத் சன்னலுக்கு வருகிறான்.

“ஆறு குழாய் பிளந்துபோச்சு ஓபேத். பிடிச்சதுபோக மூணு டாலர்தான்.”

“இரும்பு சொத்தைன்னு அப்பவே சொன்னேனே ஐயா.”

“இரும்பு பேசாது. கையெழுத்தைப் போடு.”

ஓபேத் போடுகிறான். காசை எண்ணாமலே பைக்குள் தள்ளுகிறான். ஆனால் நகரவில்லை, தொப்பியையே பார்க்கிறான்.

“பிளந்ததுக்கு நான் கட்டிட்டேன் ஐயா. அதே இரும்புல ஒரு வெடி தாங்கின குழாயெல்லாம் பெட்டியில போயிருச்சு. உங்க பையன் இருக்கிற படைக்குத்தான்.”

கொட்டகையில் மறுபடி ஒரு வெடி. கண்ணாடி நடுங்குகிறது. ஹாஸ்கெலின் விரல் பட்டுக் காசடுக்கு சரிகிறது. ஒரு டாலர் உருண்டு தொப்பிக்கு நேர்கீழே போய் விழுகிறது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.