மச்சானுக்கு டைரக்டர் பதவி

"மாமா, இன்னைக்காவது என்னை டைரக்டர் ஆக்குங்க," என்று முதலாளியின் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான் மச்சான்.

"என் தம்பிக்கு இதைக்கூடச் செய்ய மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

மறுத்தால் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நல்லவேளையாக, மேஜைமேல் கிடந்த நோட்டீஸ் முதலாளியின் கண்ணில் பட்டது.

"ஆக்கிடலாம். முதல்ல இதைப் படி. வருஷக் கணக்கைத் தாக்கல் பண்ணலைன்னா கம்பெனிக்குத் தனி அபராதம், ஒவ்வொரு டைரக்டருக்கும் தனி அபராதம். சொந்தப் பணத்துல கட்டணும்."

மச்சான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். "ஐயோ மாமா, நான் சேல்ஸ்லயே இருந்துக்கிறேன்!"

அவன் போனதும் முதலாளி அசடு வழிந்தார். "கோவிச்சுக்காதே. அது பழைய நோட்டீஸ். அபராதமெல்லாம் எப்பவோ கட்டியாச்சு."

"தெரியும். தேடி எடுத்து மேஜைமேல வெச்சதே நான்தானே?" என்று சிரித்தாள் மனைவி. "பத்திரமா வைங்க. அடுத்த வாரம் என் சின்னத் தம்பி கேட்க வர்றான்."