மாப்பிள்ளை கொண்டுவந்த சங்கிலி

“கருத்துப்போச்சு மாமா, கொஞ்சம் மெருகு போட்டுக் குடுங்க. அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். பிறந்தநாளன்னிக்குப் பளபளன்னு குடுக்கணும்.”

மாப்பிள்ளை சங்கிலியைப் பட்டறை மேசையில் வைத்தார். மகளின் கல்யாணத்துக்காக ஆசாரி தன் கையாலேயே கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துச் செய்த சங்கிலி அது.

எடுத்ததுமே அவருக்குச் சுருக்கென்றது. எடை சரியில்லை.

உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு இருந்த இடம் தெரியாமல் போனது.

கவரிங்.

இதே மாதிரி கவரிங்கில் ஒன்று செய்து கொடுங்கள், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று குழைகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். முக்கால்வாசிப் பேர் ரம்மி, பந்தயம் என்று போனுக்குள்ளேயே குடும்பத்தைத் தொலைத்தவர்கள். கேட்டால் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

ஆக, இவரும் அந்தக் கூட்டம்தான். ஆசாரிக்கு ரத்தம் கொதித்தது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. மகள் அடிக்கடி கைமாற்று கேட்டது. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சியது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். சாப்பாட்டுக்கு நடுவில் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவள், சிவந்த கண்ணோடு வந்தது. ஒருநாள் காரணமே இல்லாமல் எல்லோருக்கும் துணிமணி வாங்கிக் குவித்துவிட்டு, மறுநாளே குழந்தைமீது எரிந்து விழுந்தது.

பாவி, என் பெண்ணை இப்படிப் பாடாய்ப் படுத்திவிட்டானே!

சட்டையைப் பிடிக்கக் கை எழுந்தது.

மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறந்தநாள் அவருக்கே என்பதுபோல் முகத்தில் ஒரு சிரிப்பு.

ஆசாரியின் கை பாதியில் நின்றது.

சங்கிலியை மாற்றியவன், அதைச் செய்த ஆளிடமே கொண்டுவந்து நீட்டுவானா?

ஆசாரி கையை இறக்கினார். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் கையிலிருந்த போனை ஒருநாளும் பார்க்கவில்லை.

மேசைமேல் அவருடைய போன் அடித்தது. மகள்தான்.

“அப்பா... சங்கிலியக் காணோம். அவர் அங்க வந்தாரா?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “வந்தா, நீங்க அதத் தொடாதீங்கப்பா.”