காய்ந்த தட்டு

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டைக்கூட என் கணவர் விட்டுவைக்கவில்லை.

கழற்றி, கவிழ்த்து, துணியால் துடைத்து, போதாக்குறைக்குப் பால்கனி வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் திரும்ப மாட்டினார். ஐஸெல்லாம் உருகி வடியட்டும் என்று ஃபிரிட்ஜையே நேற்று அணைத்துவிட்டார். பால் திரிந்துபோனது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

பூந்தொட்டிகளின் அடித்தட்டுகள், வாளிகள், தரை துடைக்கும் பக்கெட் எல்லாம் குப்புறக் கிடந்தன. வீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் நாக்கிலும்தான்.

"இன்னைக்கு அந்தம்மா ஒரு புழுவக் காட்டட்டும், பாக்கறேன்" என்று கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தம்மா என்றால் டார்ச் அக்கா. வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பவர். புழு இருந்த வீட்டுக்கு வாராவாரம் வருவார். இல்லாவிட்டால் இனி அடுத்த மழைக்காலத்துக்குத்தான். அதுதான் அவர்கள் விதி.

எனக்கு அவர் வர வேண்டும்.

வெளியாள் என்று இந்த வீட்டுக்குள் நுழைவது அவர் ஒருவர்தான். என் கணவர் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார். என் போனும் இவர் பையில்தான் போகும். கேட்டால், எல்லாம் என் பாதுகாப்புக்காம்.

முதல் தடவை டார்ச் அக்கா வந்தபோது பூட்டுதான் வரவேற்றது. உள்ளே நான் மூச்சுக்காட்டாமல் நின்றேன். அப்படித்தான் உத்தரவு. வீட்டைத் திறந்து காட்டாவிட்டால் அபராதம் என்று கதவில் எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போனார். அதிலிருந்துதான், அக்கா வரும் காலையில் மட்டும் இவர் தாமதமாக வேலைக்குப் போகிறார்.

அக்கா இருக்கும் அந்தக் கொஞ்ச நேரமும் இவர் அவரை ஒட்டியே நிற்பார். காய்ச்சல் ஏதாவது உண்டா என்று அக்கா என்னைக் கேட்டால், எனக்குக் காய்ச்சல் இல்லை என்று இவர் பதில் சொல்வார். ஆனாலும் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரே. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடுவேன்.

ஒருமுறை அக்கா சொன்னார்: "இந்தக் கொசு ரொம்ப தூரம் போகாதும்மா. பொறந்த வீட்டையே சுத்திக்கிட்டுக் கிடக்கும்."

"எங்க வீட்டம்மா மாதிரி" என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. முட்டை பொரித்து இறக்கை முளைக்க ஒரு வாரம் போல ஆகும், அதற்குள் தண்ணீரைக் கொட்டி ஓரங்களைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும் என்று என்னிடம் பொறுமையாகச் சொன்னார்.

நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். தேய்க்கத்தான் இல்லை.

ஃபிரிட்ஜ் தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டது நான்தான். ரொட்டித் தூள் தூவிப் புழுக்களை வளர்த்ததும் நான்தான். ஜன்னல் வழியாக வந்து முட்டையிட்டுப் போகக் கொசுவுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. இறக்கை முளைக்க மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. அக்கா தட்டைக் கொட்டிவிட்டுப் போனதும் புதுத் தண்ணீர் ஊற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

போன வாரம் அக்கா அந்தத் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துணுக்கை விரல் நுனியில் எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. துணுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சுண்டிவிட்டார்.

இன்று காலிங் பெல் அடித்தது.

அக்கா குளியலறையைப் பார்த்தார். பால்கனியைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த வாளிகளைப் பார்த்தார். இவர் வீட்டை விற்கப் போகிறவர் போலக் கூடவே நடந்து ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினார். இன்றோடு அக்கா வருவதும் நின்றுவிடும், அடுத்த மழைக்காலம் வரை இவர் ஒருவர் முகம்தான் என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

கடைசியில் ஃபிரிட்ஜ்.

சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே ஒருவர்தான் குனிய முடியும். அக்கா குனிந்தார். இவருக்கு அவர் முதுகுதான் தெரிந்திருக்கும். நான் ஃபிரிட்ஜின் மறுபக்கம் சுவரோரம் நின்றேன். டார்ச் வெளிச்சத்தில் தட்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. காய்ந்து கிடந்தது.

அக்கா அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையில் கைவிட்டு, மாதிரி எடுக்கும் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். ரப்பர் தலை வைத்த குழாயைத் தட்டில் ஒற்றினார். குப்பியை மூடிக்கொண்டு எழுந்தார்.

"இருக்கு சார்."

இவர் குப்பியைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. குப்பி ஆடியதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.

"நானே தொடச்சேனே..." இவர் முகம் தொங்கிவிட்டது.

"அடுத்த வாரமும் வரணும் சார். கூட ஒரு மேடமும் வருவாங்க. வீட்ல இருக்கற பொம்பளைங்ககிட்ட அவங்க தனியாத்தான் பேசுவாங்க. அது விதி."

அக்கா குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பையிலிருந்து வெளியே வரும்போதே அந்தக் குப்பியில் கழுத்துவரை தண்ணீர் இருந்தது.