அவங்களுக்குப் போன் போடு

பத்து நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது.

அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசையில் அவரைத் தவிர யாருமில்லை. உள்ளே அவர் மனைவி துளசிமணி. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, இதயத் துடிப்பும் கொஞ்சம் சரியில்லை, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறது.

காதுக்குள் அவள் குரல்.

"மைனா, அவங்களுக்குப் போன் போடு கண்ணு."

மைனா என்பது கூடத்தில், பாத்ரூமுக்கு எதிர் அலமாரியில் இருக்கும் ஸ்பீக்கர். பொங்கலுக்கு டொரான்டோவிலிருந்து வந்த மகன் இளங்கோ வாங்கி வைத்துவிட்டுப் போனது. பேர் சொன்னால் போன் போடும். காதில் விழுந்ததைச் சேர்த்தும் வைக்கும் என்பது அவருக்கு இன்றைக்கு மதியம்தான் தெரியும்.

"அம்மா எப்ப விழுந்தாங்கன்னு டாக்டர் கேப்பாருப்பா. போன்ல மைனா ஆப்பைத் திறந்து பாருங்க" என்று இளங்கோதான் சொன்னான்.

திறந்தார். வரிசையாக இருந்தது. காலையில் ஆறு மணிக்கு மழை வருமா என்று கேட்டிருக்கிறாள். எட்டு மணிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தச் சொல்லியிருக்கிறாள். அதுவும் அவருடைய மாத்திரை.

அப்புறம் இது.

"எந்த அவங்க என்று புரியவில்லை. பெயரைச் சொல்லுங்கள்" என்றது மைனா.

பத்து நாற்பத்து நான்கு.

"மைனா, எங்கூட்டுக்காரருக்குப் போடு சாமி. பாத்ரூம்புல உழுந்துட்டேன்."

"அப்படி யாரும் உங்கள் பட்டியலில் இல்லை."

பத்து நாற்பத்தெட்டு.

"மைனா, இளங்கோவோட அப்பாவுக்கு."

"இளங்கோவை அழைக்கவா?"

"ஐயோ, வேண்டாம். அங்க ராத்திரி. தூங்கற புள்ள பயந்துக்குவான்."

அவர் கைப்பேசியை மடியில் வைத்தார்.

முப்பத்தாறு வருடம். ஒருமுறைகூட அவர் பெயரை அவள் சொன்னதில்லை. சென்னிமலைக்குப் போக பஸ் ஏறினால்கூட 'அந்த மலைக்கு ரெண்டு' என்பாள். எந்த மலை என்று கண்டக்டர் கேட்டால் இவரைத் திரும்பிப் பார்ப்பாள். இவரும் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பஸ்ஸே சிரிக்கும்.

புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். கல்யாணத்தன்று அவள் அம்மா சொல்லி அனுப்பியது.

பேங்கில், ரேஷன் கடையில், பிரசவ வார்டில், எங்கே கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். யாருமில்லாவிட்டால் எழுதிக் காட்டுவாள்.

மைனாவிடம் எழுதிக் காட்ட முடியாது.

"இந்தக் காலத்துலயும் இதெல்லாமா?" என்று இளங்கோ கேட்டபோது இவர்தான் கிண்டலடித்தார். "உடுடா, உங்கம்மா புண்ணியத்துல எனக்கு நூறு வயசு."

அன்றைக்கு மைனாவின் பட்டியலில் முதலில் தன் பெயரை ஏற்றச் சொன்னதும் இவர்தான். முழுப்பெயராக. துளசிமணி அப்போது அடுப்படியில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பத்து ஐம்பத்தொன்று.

"மைனா" என்று மட்டும். பிறகு மூச்சு. குழாய் சொட்டும் சத்தம்.

"கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அந்த நேரத்தில் அவர் இரண்டு தெரு தள்ளி சலூனில் இருந்தார். முடி வெட்டி முடிந்தும் பேப்பரை விடவில்லை. கைப்பேசி சட்டைப்பையில்தான் இருந்தது.

பதினொன்று மூன்று.

இதுதான் கடைசி. அழுத்தப் போன விரல் நின்றது. கதவைப் பார்த்தார். மூடியே இருந்தது.

அழுத்தினார்.

"மைனா, கொஞ்சம் இரு."

எதையோ பற்றி எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், வலியில் முனகுகிறாள்.

"அப்பனே முருகா, அவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. குத்தத்த எம்பேர்ல எழுதிக்க."

அப்புறம், முருகனிடம் பேசியதைவிடச் சின்னக் குரலில்:

"சென்னியப்பனுங்க."

"சென்னியப்பனை அழைக்கிறேன்" என்றது மைனா.

அவர் மறுபடி கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். அறுபத்து மூன்று வருடமாக ஊரே கூப்பிடும் பெயர். இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அழுகை வந்தது. அழுதார்.

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் தேடினார். அவர் பெயருக்குக் கீழே 'வேறு பெயர் சேர்க்க' என்று ஓர் இடம் இருந்தது. ஒற்றை விரலால் 'அவங்க' என்று அடித்தார். அதற்குக் கீழே 'எங்கூட்டுக்காரர்'. யோசித்து, 'இளங்கோவோட அப்பா'.

சேர்த்தாயிற்று என்றது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கதவு திறந்தது.

"துளசிமணி கூட வந்தவங்க யாருங்க?" என்று சிஸ்டர் கேட்டார். "நல்லபடியா முடிஞ்சுதுங்க. மயக்கம் முழுசாத் தெளியல."

ஸ்ட்ரெச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றது. துளசிமணி கண்ணைத் திறந்து தேடினாள். அவரைக் கண்டதும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆப்பரேஷன் உங்களுக்குங்கம்மா. அவருக்கில்ல."

அவர் கையை நீட்டினார்.

ஊசி குத்தியிருந்த கையால் அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. அப்புறம்தான் தூங்கினாள்.