டெஸ்ட் சுவர்

கம்பெனியில் செய்த மரச்சட்டச் சுவர் அப்படிக் கழன்று விழும் என்று ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை.

பூகம்பம் வந்தால் தாங்குமா என்று பார்க்க, மாதிரிக்கு ஒரு சுவரை நிறுத்தி, ஜாக்கி வைத்து மேல் ஓரத்தை இப்படியும் அப்படியும் தள்ளுவார்கள். சுவருக்குச் சந்தனம், குங்குமமெல்லாம் வைத்துத்தான் நிறுத்தியிருந்தார்கள். ஜாக்கிக்கு அதெல்லாம் தெரியுமா? பாதி தள்ளுவதற்குள் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு, பிளைவுட் பலகை தொப்பென்று கீழே வந்தது.

வெளியிலிருந்து சோதிக்க வந்திருந்த பிரேமா மேடம், "ஃபெயில்" என்றார். வடக்கே பூகம்பத்தில் வீடு இழந்தவர்களுக்காகச் சுவர்களை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று கேட்டில் நின்றது. அதையும் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்.

மேனேஜர் ஆதிநாராயணன் நேரே சின்னப்பொண்ணுவிடம் வந்தார்.

"ஆணி அடிச்சது நீதான?"

"ஆமா சார்."

"இந்தச் செவுர நம்பிப் புள்ளகுட்டியோட தூங்குறவன் கதி இன்னாவறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா உனக்கு? நாளையிலேருந்து வராத."

அத்தனை பேர் எதிரில்தான் இவ்வளவும். "ஒருத்தியால எல்லார் பொழப்புக்கும் வேட்டு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

சின்னப்பொண்ணு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அங்கேயே வேலை செய்யும் கொழுந்தன் சாம்சன் பின்னாலேயே ஓடி வந்தான். மேனேஜரிடம் சொல்லி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"இன்னா அண்ணி, என் மானத்த வாங்கிட்டீங்களே! அண்ணன் காலு ஒடஞ்சி ஊட்ல படுத்துக்கினு கீறாரு. உங்க சம்பளத்துலதான அடுப்பு எரியுது?"

"தெரியும் சாம்சா."

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது? திரும்பிப் போயி அவுரு கால்ல உழுங்க. கை தவறிப்போச்சு சார்னு சொல்லுங்க. நானும் கூட வந்து பேசறேன்."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தான். வழியெல்லாம் அவள் அழுதாள். ஆனால் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அவளுக்கே தெரியவில்லை.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கை தவறலப்பா. டெஸ்ட் செவுருக்கு மட்டும் நெருக்கி நெருக்கி அடின்னாரு உன் மேனேஜரு. லாரில போற செவுருக்கெல்லாம் எட்ட எட்ட அடிக்கச் சொன்னாரே, அதே மாதிரிதான் இதுக்கும் அடிச்சேன்."