அன்று வராத ஏழு பேர்

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. ஹுன்னஸ்கிரியவில் விடியற்காலை முதல் தூறல் ஓயவில்லை.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் இரண்டையும் மூன்றையும் ஒரே அறையில் தனியாகக் கற்பித்துவந்தார் கிருஷாந்தி டீச்சர். வாசிப்புக்கென இன்னோர் ஆசிரியர் வேண்டுமென்று மூன்று ஆண்டுகளாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். அன்று அங்கிருந்து அதிகாரி வருவதாகத் தகவல்.

"அந்த ஏழு பேரையும் வர வேணாம்னு சொல்லிட்டீங்களா, டீச்சர்?" என்று கேட்டார் பாடசாலை அதிபர் இராமையா.

"சொல்லிட்டேன், சேர். சுப்பம்மாதான், 'எம்புள்ளைக்கு என்ன அம்மையா போட்டிருக்கு?'ன்னு கேட்டுட்டா."

"கேக்கட்டும். எழுத்துக்கூட்டத் தெரியாததுகள முன்னால நிறுத்தினா மானம் போயிரும். நல்லா வாசிச்சாத்தான் நம்மள மதிச்சு ஆள் தருவாங்க."

அதிகாரி வந்தார். வந்திருந்த பதினான்கு பிள்ளைகளும் கொடுத்த பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தனர். அவர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சரி அடையாளமிட்டார்.

"இன்னும் ஏழு பேர் இருக்காங்களே?"

"காய்ச்சல், சேர்," என்றார் அதிபர். "அதுக இவங்களவிட நல்லா வாசிக்குங்க."

அதிகாரி மனநிறைவோடு கோப்பை மூடினார்.

"பாராட்டுறேன், டீச்சர். வாசிக்கச் சிரமப்படுற பிள்ளைங்க அஞ்சு பேராவது இருக்கிற பாடசாலைக்குத்தான் அந்த ஆசிரியரக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. அத எண்ணத்தான் வந்தேன். இங்க ஒருத்தருமில்ல. தெல்தெனியப் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு எழுதிடுறேன்."

கிருஷாந்தி அதிபரைப் பார்த்தார். அதிபர் அதிகாரியின் பையைத் தூக்கிக்கொண்டு வாகனம் வரை போனார். அது பாடசாலை வாசல் கேற்றைக் கடந்தபோது முற்பகல் பதினொன்று பத்து.